எந்த நூறில் எத்தனை பேர்: பல வகை மாறிகளுக்கு வரைபடம் தேர்வது

கேள்வி இதுதான்: "கள ஆய்வு ஒன்றில் பாலினம், வயதுப் பிரிவு, கல்வி, தொழில் என்று நான்கு விவரங்களும், கடைசியில் ஆம்/இல்லை என்று ஒரு பதிலும் சேகரித்திருக்கிறேன். அளந்து சொல்லும் எண் எதுவும் இல்லை, எல்லாமே வகைகள். இவற்றைக் காட்ட எந்த வரைபடம் சரி? அடுக்குப் பட்டையா, மொசைக்கா, வேறு ஏதாவதா?"

வரைபடத்தின் பெயரிலிருந்து தொடங்கினால் இந்தக் கேள்வி முடியவே முடியாது. வகை மாறிகளில், அதாவது பாலினம், தொழில் போல அளவாக இல்லாமல் பிரிவுகளாக மட்டும் வரும் விவரங்களில், நம் கையில் இருப்பது தலை எண்ணிக்கை மட்டும்தான். அதைச் சதவீதமாக மாற்றும்போது யாரை நூறாக வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. "எந்த நூறில் எத்தனை பேர்?" என்று முதலில் முடிவு செய்துவிட்டால், பொருந்தாத வரைபடங்கள் தாமாகவே கழன்றுவிடும். பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும்.

உங்கள் தரவு என்னிடம் இல்லை. அதனால் எல்லோருக்கும் கிடைக்கிற ஒரு தரவை வைத்துச் சொல்கிறேன். 1912 ஏப்ரல் 15 அதிகாலை மூழ்கிய டைட்டானிக் கப்பலில் இருந்தவர்களின் பட்டியல் அது. புள்ளியியலுக்கான ஆர் (R) மென்பொருளில் கூடவே வருகிறது. பிரிட்டிஷ் வர்த்தக வாரியத்தின் விசாரணைக் கணக்கை அடிப்படையாகக் கொண்டது. 2,201 பேர், நான்கு விவரங்கள்: வகுப்பு (முதல், இரண்டாம், மூன்றாம் வகுப்பு, கப்பல் ஊழியர்), பாலினம், பெரியவரா குழந்தையா, பிழைத்தாரா இல்லையா. பிழைத்தவர்கள் 711 பேர். இணையத்தில் பயிற்சிக்காகப் பரவலாகச் சுற்றும் 891 வரிசை கொண்ட டைட்டானிக் கோப்பு வேறு. அதில் ஊழியர்களே கிடையாது. இங்கே நமக்கு ஊழியர்கள்தான் முக்கியம், ஏன் என்று சற்றுப் பொறுத்தால் தெரியும்.

சுருக்கமான கணக்கு இது. குழந்தைகளையும் அவரவர் பாலினத்தில் சேர்த்திருக்கிறேன்.

முதல் வகுப்பு: ஆண்கள் 180 பேரில் 62 பேர் பிழைத்தார்கள், பெண்கள் 145 பேரில் 141 பேர்.
இரண்டாம் வகுப்பு: ஆண்கள் 179 பேரில் 25, பெண்கள் 106 பேரில் 93.
மூன்றாம் வகுப்பு: ஆண்கள் 510 பேரில் 88, பெண்கள் 196 பேரில் 90.
ஊழியர்: ஆண்கள் 862 பேரில் 192, பெண்கள் 23 பேரில் 20.

இதை வைத்து "எந்தப் பிரிவினர் அதிகம் பிழைத்தார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள்.

முதல் வழி, பிழைத்த 711 பேரை நூறாக எடுத்து ஒரு வட்ட வரைபடம் போடுவது. ஊழியர் 212 பேர், அதாவது 30 சதவீதம். முதல் வகுப்பு 29, மூன்றாம் வகுப்பு 25, இரண்டாம் வகுப்பு 17. இப்படிப் பார்த்தால் ஊழியர்தான் முதலிடம்.

இரண்டாவது வழி, ஒவ்வொரு பிரிவையும் தனித்தனியே நூறாக எடுத்துப் பட்டை வரைவது. முதல் வகுப்பில் 62.5 சதவீதம் பிழைத்தார்கள், இரண்டாம் வகுப்பில் 41.4, மூன்றாம் வகுப்பில் 25.2, ஊழியரில் 24. இப்போது ஊழியர் கடைசி இடம்.

மூன்றாவது வழி, பிரிவையும் பாலினத்தையும் சேர்த்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சிறு குழுவையும் நூறாக எடுப்பது. ஆண்களில் மூன்றாம் வகுப்பு 17.3 சதவீதம், ஊழியர் 22.3. பெண்களில் மூன்றாம் வகுப்பு 45.9, ஊழியர் 87. ஆணென்றாலும் பெண்ணென்றாலும் மூன்றாம் வகுப்பைவிட ஊழியர் கூடுதலாகப் பிழைத்திருக்கிறார்கள்.

கூட்டல் தவறு எதுவும் இல்லை. ஊழியர் 885 பேரில் பெண்கள் 23 பேர்தான். மூன்றாம் வகுப்பிலோ 706 பேரில் 196 பேர் பெண்கள். அந்த இரவில் பெண்கள் பிழைத்த விகிதம் ஆண்களைவிடப் பல மடங்கு அதிகம், பெண்களில் 73 சதவீதம், ஆண்களில் 21. அதனால் பெண்கள் அதிகம் இருந்த மூன்றாம் வகுப்பின் மொத்தச் சதவீதம் மேலே ஏறிவிட்டது. இப்படிப் பிரித்துப் பார்த்தால் ஒன்றும் சேர்த்துப் பார்த்தால் எதிரான ஒன்றும் தெரிவதைச் சிம்ப்சன் முரண் என்பார்கள். பல வகை மாறிகள் உள்ள தரவில் இது அபூர்வம் என்று நினைக்காதீர்கள். பிரிவுகளுக்குள் ஆண் பெண் கலவை வேறுபட்டாலே வருவதற்கு வாய்ப்பு உண்டு. உங்கள் ஆய்விலும், கல்வியை மட்டும் வைத்து ஒரு பட்டை போட்டுவிட்டு நிறுத்தினால், அதற்குள் வயது ஒளிந்திருக்கலாம்.

ஆகவே முதல் வேலை, விளைவு எது, காரணப் பக்கத்தில் இருப்பவை எவை என்று பிரிப்பது. டைட்டானிக்கில் விளைவு பிழைத்தாரா என்பது. உங்களுக்கு அந்த ஆம்/இல்லை பதில். விளைவு என்று ஒன்று இருந்தால், சதவீதம் எப்போதும் காரணப் பக்கத்துக் குழுவுக்குள்தான் எடுக்க வேண்டும். "பிழைத்தவர்களில் எத்தனை பேர் பெண்கள்" என்பதும் ஒரு கேள்விதான், ஆனால் நீங்கள் கேட்க வந்தது "பெண்களில் எத்தனை பேர் பிழைத்தார்கள்" என்பதாகத்தான் இருக்கும். எக்செலில் பிவட் டேபிள் (தரவை எண்ணித் தொகுத்துத் தரும் அட்டவணை) போட்டு, எண்ணிக்கையைச் சதவீதமாகக் காட்டச் சொல்லும்போது, வரிசை மொத்தத்திலா, நெடுவரிசை மொத்தத்திலா, முழு மொத்தத்திலா என்று மூன்று தேர்வு வரும். அந்த ஒரு சொடுக்கு, அப்புறம் நீங்கள் தேர்ந்தெடுக்கும் எந்த வரைபட வகையையும்விடப் பெரிய முடிவு.

சரி, இனி வரைபடங்கள்.

இந்தப் பட்டியலைக் கொடுத்து "வரையுங்கள்" என்றால் முதலில் வருவது பெரும்பாலும் கொத்துப் பட்டைதான். 4 × 2 × 2 × 2, மொத்தம் 32 கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு பட்டை. இறந்துபோன 670 ஆண் ஊழியர்களின் பட்டை வானத்தைத் தொடும். பிழைத்த முதல் வகுப்புப் பெண் குழந்தை ஒருத்தியின் பட்டை கண்ணுக்கே தெரியாது. எண்ணிக்கையைக் காட்டும் பட்டைகள் குழுவின் அளவையும் பிழைத்த விகிதத்தையும் ஒன்றாகக் குழப்பிவிடுகின்றன. பார்ப்பவர் இரண்டு பட்டைகளை எடுத்து மனதுக்குள் வகுத்துப் பார்க்க வேண்டும். அதைச் செய்ய யாருக்கும் பொறுமை இருக்காது, இருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

நான் முதலில் போடுவது புள்ளி வரைபடம். நான்கு பிரிவுகள் நான்கு வரிசைகள். கீழே 0 முதல் 100 வரை சதவீத அளவு. ஒவ்வொரு வரிசையிலும் ஆணுக்கு ஒரு புள்ளி, பெண்ணுக்கு ஒரு புள்ளி, இரண்டையும் இணைத்து ஒரு மெல்லிய கோடு. எட்டே புள்ளிகள். ஆனால் மூன்று மாறிகள் அதில் அடங்கிவிட்டன, அதுவும் மனக்கணக்கு எதுவும் இல்லாமல்.

அப்படி வரைந்ததும் முதலில் கண்ணில் படுவது கோடுகளின் நீளம். முதல் வகுப்பில் 34இலிருந்து 97 வரை, இரண்டாம் வகுப்பில் 14இலிருந்து 88 வரை, ஊழியரில் 22இலிருந்து 87 வரை நீள்கிறது. மூன்றாம் வகுப்பில் மட்டும் 17இலிருந்து 46 வரை போய் நின்றுவிடுகிறது. மற்ற மூன்றிலும் 60 சதவீதப் புள்ளிக்கு மேல் இடைவெளி, இங்கே 30கூட இல்லை. "பெண்களும் குழந்தைகளும் முதலில்" என்ற அந்த இரவின் விதி மூன்றாம் வகுப்புப் பெண்களுக்கு எவ்வளவு எட்டியது என்பதை அந்தக் குட்டைக் கோடு காட்டிவிடுகிறது. இரண்டாவதாகக் கண்ணில் படுவது, ஆண்களில் மிகவும் பின்தங்கியவர்கள் மூன்றாம் வகுப்பினர் இல்லை, இரண்டாம் வகுப்பினர் என்பது. குழந்தைகளை நீக்கிப் பெரியவர்களை மட்டும் எடுத்தால் இன்னும் துலங்கும்: இரண்டாம் வகுப்பில் 168 ஆண்களில் 14 பேர், 8.3 சதவீதம். மூன்றாம் வகுப்பில் 462 பேரில் 75, 16.2 சதவீதம். வகுப்பு மேலே போகப் போக வாய்ப்பு கூடும் என்ற நம் எதிர்பார்ப்பு ஆண்கள் விஷயத்தில் அப்படியே பொருந்தவில்லை. மொத்தச் சதவீதப் பட்டையில் இது தெரியவே தெரியாது.

புள்ளி ஏன், பட்டை போதாதா என்று கேட்கலாம். 1984இல் கிளீவ்லாண்ட், மெக்கில் என்ற புள்ளியியலாளர்கள் இருவரும் மனிதர்கள் எதைத் துல்லியமாகப் படிக்கிறார்கள் என்று சோதித்து எழுதினார்கள். ஒரே அளவுகோலில் உள்ள இடங்களை ஒப்பிடுவதில் நம் கண் கெட்டிக்காரக் கண். நீளமும் கோணமும் அதற்கு அடுத்தபடி, பரப்பளவு அதற்கும் கீழே. ஒரே அடிக்கோட்டில் நிற்கும் பட்டையும் நல்லதுதான். ஆனால் எட்டு, பன்னிரண்டு என்று குழுக்கள் கூடும்போது பட்டைகள் இடத்தை அடைத்துக்கொள்ளும், புள்ளிகள் அடைக்காது. ஒரே பட்டையில் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் அடுக்குப் பட்டையில் விளைவுக்கு இரண்டே வகை என்றால் குறை இல்லை. மூன்று நான்கு வகைகள் வந்துவிட்டால் நடுவில் மிதக்கும் துண்டுகளுக்கு அடிக்கோடு இருக்காது. கீழே உள்ளதையும் உச்சியில் உள்ளதையும் மட்டும்தான் சரியாக ஒப்பிட முடியும்.

ஒரு எச்சரிக்கை. புள்ளிகளைக் கோட்டால் இணைக்கும்போது எதை எதோடு இணைக்கிறோம் என்று யோசிக்க வேண்டும். முதல், இரண்டாம், மூன்றாம் வகுப்புகளுக்கு ஒரு வரிசை உண்டு, அவற்றை இணைத்தால் பொருள் உண்டு. ஊழியர் அந்த ஏணியில் நான்காவது படி இல்லை. மூன்றாம் வகுப்பிலிருந்து ஊழியருக்கு ஒரு கோடு இழுத்தால் இல்லாத ஒரு போக்கை நாமே உண்டாக்கியதாகிவிடும். அதனால்தான் வரிசைக்குள் ஆணையும் பெண்ணையும் இணைக்கச் சொன்னேன்.

புள்ளி வரைபடத்தில் ஒன்று காணாமல் போகிறது: குழுவின் அளவு. 862 ஆண் ஊழியருக்கும் ஒரு புள்ளி, 23 பெண் ஊழியருக்கும் அதே அளவில் ஒரு புள்ளி. அந்த 23 பேரில் ஒரே ஒருவரின் கதி மாறியிருந்தால் சதவீதம் 4 புள்ளிக்கு மேல் நகர்ந்திருக்கும். எண்ணிக்கையைப் பக்கத்தில் எழுதிவிடலாம், பெரும்பாலும் அதுவே போதும். அளவும் படமாகவே தெரிய வேண்டும் என்றால், அங்கேதான் மொசைக் வரைபடத்தின் இடம்.

மொசைக்கை ஒரு சதுர மைசூர்பாகை வெட்டுவதுபோல நினைத்துக்கொள்ளுங்கள். முழுத் தட்டும் 2,201 பேர். முதலில் நெடுக்காக வகுப்புவாரியாக வெட்டுகிறோம்: ஊழியருக்கு 40 சதவீத அகலம், மூன்றாம் வகுப்புக்கு 32, முதல் வகுப்புக்கு 15, இரண்டாம் வகுப்புக்கு 13. அடுத்து ஒவ்வொரு துண்டையும் குறுக்காகப் பாலினவாரியாக வெட்டுகிறோம். பிறகு ஒவ்வொன்றையும் மறுபடி நெடுக்காகப் பிழைத்தவர், இறந்தவர் என்று. எந்தத் துண்டை எடுத்தாலும் அதன் பரப்பளவு அத்தனை பேர். ஹார்ட்டிகன், கிளைனர் இருவரும் 1981இல் இந்த முறையை எழுதிய பிறகு புள்ளியியல் வட்டாரத்தில் பரவியது. இதன் கரு அதற்கு வெகு முந்தியது. கப்பல் மூழ்கி மூன்று வாரம்கூட ஆகாத நிலையில், 1912 மே 4 அன்று லண்டனின் ஸ்ஃபியர் வார இதழில் ஜி. பிரான் என்பவர் வரைந்த படம் ஒன்று வந்தது. வகுப்புவாரியாக ஆண், பெண், குழந்தைகளைப் பட்டைகளாக்கி, இறந்தவர்களைக் கறுப்பாகவும் பிழைத்தவர்களை வெள்ளையாகவும் காட்டியிருந்தார். அந்தக் கறுப்பு இன்று பார்த்தாலும் மனதைப் பிசைகிறது.

மொசைக்கில் வெட்டும் வரிசைதான் உயிர். விளைவை முதலில் வெட்டினால், மறுபடி "பிழைத்தவர்களில் எத்தனை பேர் ஊழியர்" என்ற பழைய கேள்விக்கே போய்விடுவோம். விளைவு எப்போதும் கடைசி வெட்டாக இருக்க வேண்டும். இன்னொரு சிக்கல், நெடுக்கும் குறுக்கும் மாறி மாறி வெட்டினால் மூன்று மாறிகளுக்கு மேல் கண் தடுமாறிவிடும். அதற்கு ஒரு நல்ல மாற்று உண்டு, டபுள்டெக்கர் பிளாட் என்பார்கள். காரணப் பக்கத்து மாறிகள் எல்லாவற்றையும் நெடுக்காகவே வெட்டிக்கொண்டு போய், விளைவை மட்டும் கடைசியில் குறுக்காக வெட்டுவது. அப்போது அகலம் என்றால் குழுவின் அளவு, உயரம் என்றால் பிழைத்த விகிதம். இரண்டும் தனித்தனியாகப் படிக்கக் கிடைக்கும், விகிதங்கள் எல்லாம் ஒரே அடிக்கோட்டில் நிற்கும். மொத்த விகிதமான 32.3 சதவீதத்தில் ஒரு கிடைக்கோடும் போட்டுவிட்டால், எந்தக் குழு மேலே, எந்தக் குழு கீழே என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். மொசைக் குடும்பத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். 15 சென்டிமீட்டர் அகலத் தாளில் வரைந்தால் பெண் ஊழியரின் பட்டை ஒன்றரை மில்லிமீட்டர்தான் வரும். "87 சதவீதம்" என்ற எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை அந்த மெல்லிய கீற்றே சொல்லிவிடும்.

ஆரில் இவை எல்லாவற்றுக்கும் வசதி உண்டு, பைத்தானில் மொசைக் உண்டு. எக்செலில் மொசைக் நேரடியாகக் கிடையாது. எக்செல் மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால் மொசைக்குக்காக மல்லுக்கட்ட வேண்டாம். புள்ளி வரைபடமும், பக்கத்தில் எண்ணிக்கையும் போதும்.

நான்காவது மாறியைச் சேர்க்கும்போதுதான் வெற்றுக் கட்டங்கள் தலைகாட்டும். டைட்டானிக்கின் 32 கட்டங்களில் 8 பூச்சியம். ஆனால் எட்டும் ஒரே பூச்சியம் இல்லை. ஊழியரில் குழந்தைகள் என்ற நான்கு கட்டங்கள், இந்தப் பட்டியலில் ஆளே இருக்க முடியாத கட்டங்கள். மீதி நான்கு, முதல் இரண்டு வகுப்புகளில் இறந்த ஆண், பெண் குழந்தைகளுக்கான கட்டங்கள். அங்கே ஆள் இருந்திருக்கலாம், இந்தக் கணக்கின்படி இல்லை. முதல் வகுப்பில் 6 குழந்தைகளும் இரண்டாம் வகுப்பில் 24 குழந்தைகளும் பிழைத்தவர்கள் கணக்கில் இருக்கிறார்கள். மூன்றாம் வகுப்பிலோ 79 குழந்தைகளில் 27 பேர்தான், 52 பேர் போய்விட்டார்கள். முதல் வகைப் பூச்சியத்தை வரைபடத்திலிருந்தே எடுத்துவிடலாம், அல்லது "இல்லை" என்று எழுதலாம். இரண்டாம் வகைப் பூச்சியம் இந்தத் தரவிலேயே மிகக் கனமான செய்தி. பல மென்பொருள்கள் இரண்டையும் ஒரே மாதிரி வெற்றிடமாக விட்டுவிடும். நீங்கள்தான் கவனித்துப் பிரிக்க வேண்டும்.

வட்ட வரைபடத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு மாறி, மூன்று வகை, ஒரே ஒரு வட்டம் என்றால் போடுங்கள். நான்கு வட்டங்களை வரிசையாக வைத்து ஒப்பிடச் சொல்லாதீர்கள். முப்பரிமாணப் பட்டை எந்த நிலையிலும் வேண்டாம்.

நதிபோல நிறப் பட்டைகள் பிரிந்து ஓடும் படங்களைப் பார்த்திருப்பீர்கள், பேரலல் செட்ஸ், அல்லூவியல் என்றெல்லாம் பெயர். திரையில், மவுசை மேலே வைத்தால் ஒரு குழு மட்டும் ஒளிரும்படி செய்தால், தரவை நாமே அறிமுகம் செய்துகொள்ள அருமையானவை. அச்சிட்ட அறிக்கையில் நான்காவது மாறிக்குப் போவதற்குள் கீற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நூல்கண்டு சிக்கியதுபோல் ஆகிவிடும். விகிதத்தை அதில் படிப்பதும் கடினம்.

கள ஆய்வுக்காரர்கள் அடிக்கடி தவறவிடும் ஒன்று வகைகளின் வரிசை. "எப்போதும், பெரும்பாலும், எப்போதாவது, ஒருபோதும் இல்லை" என்று நீங்கள் கேட்டிருந்தால், மென்பொருள் அதை அகரவரிசையில் அடுக்கி எப்போதாவது, எப்போதும், ஒருபோதும் இல்லை, பெரும்பாலும் என்று வரைந்துவிடும். படம் அழகாகவே இருக்கும், பொருள் சிதைந்திருக்கும். இயல்பான வரிசை உள்ள வகைகளுக்கு அந்த வரிசையை நாமே குறித்துக் கொடுக்க வேண்டும். தொழில் போல வரிசை இல்லாத வகை என்றால் விகிதத்தின்படி ஏறுமுகமாகவோ இறங்குமுகமாகவோ அடுக்குங்கள். அகரவரிசை, பெயர் தேடிப் பார்க்கும் பட்டியலுக்குத்தான் உதவும்.

நிறத்தை விளைவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிழைத்தவர் ஒரு நிறம், இறந்தவர் ஒரு நிறம், அவ்வளவுதான். பாலினத்துக்கு இரண்டு, வகுப்புக்கு நான்கு என்று நிறம் கொடுக்க ஆரம்பித்தால் படிப்பவர் ஓரத்தில் உள்ள விளக்கக் கட்டத்துக்கும் படத்துக்குமாக அலைய வேண்டியிருக்கும். சிவப்பும் பச்சையும் சேர்ந்து வேண்டாம், அந்த இரண்டையும் பிரித்தறிவதில் சிரமப்படுபவர்கள் ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் மட்டும் சுமார் 8 சதவீதம். கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்தாலும் பிரிந்து தெரியும்படி ஒன்று அடர்த்தி, ஒன்று வெளிர் என்று எடுங்கள்.

இனி உங்கள் தரவு. பாலினம் 2, வயது 4, கல்வி 5, தொழில் 6, பதில் 2 என்று வைத்துக்கொண்டால் 480 கட்டங்கள். நீங்கள் 400 பேரைச் சந்தித்திருந்தால் கட்டத்துக்கு ஒருவர்கூட இல்லை. ஐந்தையும் ஒரே படத்தில் காட்டும் வரைபடம் கிடைக்காததற்குக் காரணம் நம் கற்பனைக் குறைவு இல்லை, காட்டுவதற்கு அங்கே ஆட்களே இல்லை. முதலில் நான்கு விவரங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, "ஆம்" சொன்னவர்களின் சதவீதத்தைப் பக்கத்தில் குழு எண்ணிக்கையோடு நான்கு சிறு புள்ளி வரைபடங்களாகப் போடுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே 0–100 அளவுகோல். அதில் எந்த இரண்டு விவரங்கள் பதிலை அதிகம் நகர்த்துகின்றன என்று பாருங்கள். பிறகு அந்த இரண்டையும் சேர்த்து, டைட்டானிக்கில் வகுப்பும் பாலினமும் வைத்ததுபோல, ஒரு படம். முடிந்தால் மூன்றாவதை அடுத்தடுத்த சிறு சட்டங்களாகப் பிரியுங்கள், உதாரணமாக வயதுக்கு ஒரு சட்டம் என்று. தொழிலில் ஆள் குறைந்த வகைகளை, பொருள் கெடாமல் இணைக்க முடிந்தால் இணைத்துவிடுங்கள். எந்தக் குழுவிலாவது 20 பேருக்குக் கீழே இறங்கினால் அங்கே சதவீதத்தை விட்டுவிட்டு "14இல் 9" என்று எண்ணாகவே எழுதுவது என் வழக்கம்.

அப்புறம் ஒன்று. "ஒன்றுக்கு மேற்பட்டவற்றைத் தேர்ந்தெடுக்கலாம்" என்ற கேள்வி ஏதாவது உங்கள் படிவத்தில் இருந்தால் அதை இவற்றோடு சேர்க்காதீர்கள். அதில் சதவீதங்களைக் கூட்டினால் நூறைத் தாண்டும், அடுக்குப் பட்டையும் மொசைக்கும் அங்கே பொய் சொல்லும். ஒவ்வொரு விருப்பத்தையும் தனித்தனி ஆம்/இல்லை மாறியாக உடைத்துவிட்டு, மேலே சொன்னதையே செய்யுங்கள்.

பிவட் டேபிளில் வரிசைக்குக் கல்வி, நெடுவரிசைக்கு ஆம்/இல்லை, வரிசை மொத்தத்தில் சதவீதம். இன்றைக்கு இந்த ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள். பிறகு அதையே ஆண்களுக்கு ஒருமுறை, பெண்களுக்கு ஒருமுறை என்று பிரித்துப் போடுங்கள். மூன்று அட்டவணைகளிலும் கல்விப் பிரிவுகளின் ஏற்ற இறக்கம் ஒரே மாதிரி இருந்தால் அவற்றைச் சேர்த்துக் காட்டலாம். எங்காவது திசை மாறினால், வரைய வேண்டிய படம் அந்த இடம்தான்.